எதிர் நாற்காலி

சென்ற வருஷம் ஒரு நாள் காலை, எனக்கு வேண்டிய பதிப்பாளர் ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல் கதவு திறந்திருந்தது. அவர் கூடத்தில் கால் வைத்த சமயம், நான் சாப்பாட்டு மேஜையின் கிழக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பகடையை உருட்டினேன். "மூன்று!" என்று உரக்கச் சொன்னேன். பிறகு எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், மேற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "மூன்றுதானா? அப்படியானால் இதைப் பார்" என்று, சற்று முன்பு நான் விட்டுவந்த காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன்.

பதிப்பாளர் நல்ல மனிதர். சத்தம் செய்யாமல் சமையலறைப் பக்கம் போய், என் மனைவியிடம், "சாருக்கு உடம்பு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாராம்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை. யுத்தம் நடக்கிறது. பன்னிரண்டு மணிக்குள் முடித்துக்கொண்டால் அந்த மேஜையில் இலை போடலாம்" என்றாளாம் அவள்.

விஷயத்தை விளக்கிவிடுகிறேன். என் தம்பியின் மகன் இந்த ஊரில் கல்லூரியில் படிக்கிறான். விடுதியில் வாசம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியம்மாவின் கைச் சமையலுக்காக எங்கள் வீட்டுக்கு வருவான். அவனிடம் ஓர் அட்டைப்பெட்டி உண்டு. அதற்குள் இரண்டு சைனியங்கள். ஆள் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர். வெள்ளை உலோகத்தில் வார்த்தவை. இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்து, அவனே பூதக் கண்ணாடியும் மெல்லிய தூரிகையும் வைத்துக்கொண்டு வர்ணம் தீட்டியவை. விடுதி அறையில் வைக்க இடம் இல்லை என்று பெட்டியை எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றினான். அது பரணில் இருந்தது ஒரே ஒரு வாரம்.

பெரியவர்கள் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடலாமா என்று யாராவது கேட்டால், ஹெச். ஜி. வெல்ஸைத்தான் நான் சாட்சிக்கு அழைப்பேன். காலத்தில் பிரயாணம் செய்யும் யந்திரத்தைப் பற்றிக் கதை எழுதிய அதே வெல்ஸ், 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். தரையில் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, விசை வைத்த பொம்மைப் பீரங்கிகளால் சுடும் விளையாட்டுக்கு அதில் விதிகள் வகுத்திருக்கிறார். நிஜ யுத்தத்தைவிட இது எவ்வளவோ மேல் என்றும் அதில் வாதாடியிருக்கிறார். அடுத்த வருஷமே நிஜ யுத்தம் வந்துவிட்டது. அது வெல்ஸின் தவறு அல்ல.

எங்கள் பெட்டியில் இருந்த விளையாட்டு பின்னால் வந்தது. பில் பார்க்கரும் அவருடைய தோழர்களும் இயற்றி, 1990-ல் வெளியானது. 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்' என்று லத்தீனில் நீளமாகப் பெயர். பழங்கால யுத்தங்களைப் பற்றியது என்பதற்கு மேல் அர்த்தம் ஒன்றும் இல்லை. இரண்டடிக்கு இரண்டடிப் பலகை போதும். பக்கத்துக்குப் பன்னிரண்டு அணிகள். ஒவ்வொரு முறையும் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண் எவ்வளவோ அவ்வளவு கட்டளைகள்தான் சேனாதிபதி கொடுக்கலாம். ஆறு விழுந்தால் அவன் சக்கரவர்த்தி. ஒன்று விழுந்தால், பன்னிரண்டு அணிகளில் பெரும்பாலானவை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். இரண்டு அணிகள் மோதினால் இருவரும் உருட்டி, அவரவர் பலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். குறைந்தவர் பெரும்பாலும் பின்வாங்குவார். பாதிக்குப் பாதி குறைந்துவிட்டால் ஒழிந்தார். பன்னிரண்டில் நான்கை முதலில் பறிகொடுத்தவர் தோற்றவர். முழு யுத்தமும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதன் படைப் பட்டியல்களில் தமிழருக்கும் சிங்களவருக்கும் சேர்த்து ஒரே பட்டியல் இருக்கிறது என்று பையன் காட்டினான். பிற்காலத்தவர் செய்ய முடியாத காரியத்தைப் பட்டியல் போட்டவர் செய்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் அவனிடம் இருந்த பொம்மைகள் வேறு. கி.மு. 326-ல் ஜீலம் நதிக் கரையில் மோதிய இரண்டு படைகள் அவை. ஒரு பக்கம் போரஸ்: யானைகள், தேர்கள், நெட்டை வில்லாளிகள். மறுபக்கம் அலெக்ஸாண்டர்: நீண்ட ஈட்டி தாங்கிய காலாட்படை, குதிரைப் படை, எறிவேல்காரர்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் என்னை இருபது நிமிஷத்தில் ஒழித்துவிட்டான். இரண்டாவது ஞாயிறு, பெரியப்பா என்ற மரியாதைக்காக முப்பது நிமிஷம் எடுத்துக்கொண்டான். அதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த முறை அவன் வருவதற்குள் தேர்ந்துவிட வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டு, பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தனியாக ஆட ஆரம்பித்தேன். போரஸும் நானே, அலெக்ஸாண்டரும் நானே.

"ஒருத்தரே ஆடுவதற்குத்தான் சீதைப் பாண்டி இருக்கிறதே! பல்லாங்குழியை எடுத்துத் தரட்டுமா?" என்றாள் என் மனைவி.

அவள் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. அசோக வனத்தில் துணையில்லாமல் இருந்த சீதை ஆடியது என்று சொல்லப்படும் அந்த ஆட்டம், தனியாக இருப்பவருக்கென்றே ஏற்பட்டது. அதில் எதிராளி கிடையாது. சோழிகள் குழிகளைச் சுற்றிவரும். நாம் பின்தொடர்ந்து போகிறோம். ஆனால் இருவருக்கென்று ஏற்பட்ட ஆட்டத்தை ஒருவன் ஆடுவது அப்படி அல்ல. அங்கே எதிராளி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவனை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

உண்டாக்குவதில் எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன். நாற்பது வருஷமாக அதுதானே என் தொழில்? கதாநாயகனையும் நானே பேச வைக்கிறேன். வில்லனையும் நானே பேச வைக்கிறேன். அந்தக் கர்வத்தோடு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு யுத்தத்தின் முடிவையும் குறித்துவந்தேன். பதினொரு யுத்தங்கள் ஆனதும் கூட்டிப் பார்த்தேன். போரஸ் ஒன்பதில் வென்றிருந்தான். அலெக்ஸாண்டருக்குக் கிடைத்தது இரண்டு.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சரித்திரத்தைத் திருத்திவிட்டோம் அல்லவா? பிறகு சந்தேகம் தட்டியது. பன்னிரண்டாவது யுத்தத்தில், என் கையை நானே வேவு பார்த்தேன்.

பகடை மேஜையை விட்டு உருண்டு தரையில் விழுந்தது. போரஸின் பகடை, ஒன்று காட்டியது. "தரையில் விழுந்தால் செல்லாது" என்று மறுபடி உருட்டினேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் விழுந்தது. இதுவும் போரஸின் பகடைதான். ஆனால் ஐந்து காட்டியது. "விழுந்தால் என்ன, எண் எண்தானே?" என்று எடுத்துக்கொண்டேன். அளவுகோலை வைத்துத் தூரம் பார்க்கும்போது என் கட்டை விரலும் யானையின் பக்கமே சாய்ந்தது. இவையெல்லாம் சில்லறைத் திருட்டுகள். பெரிய திருட்டை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன். போரஸின் முறை வரும்போது பத்து நிமிஷம் யோசிக்கிறேன். அலெக்ஸாண்டரின் முறையில் அரை நிமிஷம்! அதிலும் அவனுக்கு எப்போதும் ஒரே யோசனைதான்: நேரே வந்து முட்டுவது. உலகத்தை ஜயிக்கப் புறப்பட்டவனை ஒரு முரட்டு ஆட்டுக்கடாவாக ஆக்கி வைத்திருந்தேன்.

பட்சபாதம் என்பது பொய் சொல்வதில் மட்டும் இல்லை. ஒருவனுக்காகப் பத்து நிமிஷமும் இன்னொருவனுக்காக அரை நிமிஷமும் யோசிப்பதுதான் பெரிய பட்சபாதம். இதில் ஒரு விதியும் மீறப்படுவதில்லை. ஆகையால் மனசாட்சியும் குத்துவதில்லை.

இந்த வியாதி எனக்கு மட்டும் வந்தது அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் இந்த மாதிரி ஆட்டங்களைப் பரப்பிய டொனால்டு ஃபெதர்ஸ்டோன், தனியாக ஆடுகிறவர்களுக்காகவே 1973-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். தனி ஆட்டக்காரர்களிடையே சில உபாயங்கள் வழங்குகின்றன. எதிரிக்கு மூன்று யோசனைகளை எழுதி வைத்து, எதை நடத்துவது என்று பகடையைக் கேட்கலாம். ஒரு பக்கத்தின் திட்டத்தை இரவே சீட்டில் எழுதிவிட்டு, மறுநாள் என்ன ஆனாலும் அதை மாற்றாமல் நடத்தலாம். எழுந்து போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து பலகையைப் பார்க்கலாம். பதிப்பாளர் கண்டது இந்தக் கடைசி உபாயத்தைத்தான்.

இது எவ்வளவு பலன் தரும் என்பதை அனுபவித்தால்தான் தெரியும். கிழக்கு நாற்காலியிலிருந்து பார்த்தால் என் யானைகள் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும். மேற்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தச் சுவரில் சந்துகள் தெரியும். இந்த ஆட்டத்தில் யானைக்கு எமன் குதிரை வீரன் அல்ல, சாதாரண எறிவேல்காரன். அவனிடம் தோற்ற யானை பின்வாங்குவதில்லை. பலகையை விட்டே போய்விடும். கிழக்கிலிருந்து பார்த்தபோது அந்த அற்ப மனிதர்கள் என் கண்ணில் பட்டதே கிடையாது. இருபக்கத்துக்கும் சமமாக மூன்று நிமிஷம் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்ட பிறகு, போரஸின் வெற்றி பாதிக்குப் பாதியாகக் குறைந்தது. விதிகள் எல்லாம் மனப்பாடம் ஆயின. எந்த மோதலில் எவ்வளவு சாதகம் என்பது விரல் நுனிக்கு வந்தது. தனிப் பயிற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அளவு மிஞ்சினால் ஆபத்தும் உண்டு. ஸ்டீபன் ஸ்வைக் எழுதி, அவர் இறந்த 1942-ஆம் வருஷத்தில் வெளியான சதுரங்கக் கதையில், நாஜிகளின் தனிச் சிறையில் அடைபட்ட ஒருவன் தனக்குள்ளேயே வெள்ளைக்காகவும் கறுப்புக்காகவும் ஆடி ஆடிச் சித்தம் கலங்கிப் போகிறான். வெள்ளை நினைப்பது கறுப்புக்குத் தெரியக் கூடாது. ஆனால் இருவருக்கும் மூளை ஒன்றே. என் சங்கடம் அவ்வளவு பயங்கரமானது அல்ல. இலை போடும் நேரம் வந்தால் என் மனைவி யுத்தத்தை நிறுத்திவிடுவாள். ஆனால் முடிச்சு அதேதான்.

ஜீலம் யுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வென்றது நதிக்கு இந்தக் கரையில் அல்ல, அக்கரையில், முன்கூட்டியே. அலெக்ஸாண்டர் நதிக்கு அப்பால் பாசறை போட்டுக்கொண்டு, இரவுக்கு இரவு குதிரைப் படையை மேலும் கீழுமாக ஓட்டி ஆரவாரம் செய்தான். இதோ கடக்கப் போகிறான் என்று போரஸ் ஒவ்வொரு முறையும் யானைகளை நடத்திக்கொண்டு இக்கரையில் கூடவே போனான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போரஸ் அலுத்துப் போய், நகராமல் இருந்துவிட்டான். அப்புறம்தான், இடியும் மழையுமாக இருந்த ஓர் இரவில், பாசறையில் பாதிச் சேனையை விளக்கும் சத்தமுமாக விட்டுவிட்டு, பதினாறு பதினேழு மைல் மேலே போய் அலெக்ஸாண்டர் நதியைக் கடந்தான். ஆரியன் என்ற கிரேக்க ஆசிரியர் இதையெல்லாம் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்.

இந்த ஒரு காரியத்தைத் தனியாக ஆடுகிறவன் செய்யவே முடியாது. நான் என்னை ஏமாற்ற முடியாது. நான் என்னிடம் ஏமாறவும் முடியாது. பலகையில் எல்லாம் வெட்டவெளி. எந்த அணியும் மறைந்திருப்பதில்லை. மறைந்திருப்பது எதிராளியின் எண்ணம் ஒன்றுதான். அந்த ஒன்றுதான் நான் தனியாக ஆடும்போது இல்லை. 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பீரங்கிப் படை அதிகாரி ராணுவத்துக்காக இப்படி ஓர் ஆட்டத்தைப் பூர்த்தி செய்தபோது, இருவர் போதாது என்று மூன்றாவதாக ஒரு மத்தியஸ்தரையும் வைத்தார். அவரவர் கண்ணுக்கு எட்டியதை மட்டும் அவரவருக்கு மத்தியஸ்தர் சொல்லுவார். தெரியாமை என்பது யுத்தத்தில் அவ்வளவு முக்கியமான சரக்கு. அதை நான் ஒண்டியாக எங்கே போய் வாங்குவது?

இவ்வளவும் யோசித்திருந்தும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தபோது மிகுந்த நம்பிக்கையோடு கிழக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவன் நேரே வரவில்லை. இடது கோடியில் இரண்டு குதிரை அணிகளை முன்னே கொண்டுவந்தான். நான் ஒரு யானையை அந்தப் பக்கம் திருப்பினேன். அவன் குதிரைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மறுபடி வந்தான். நான் இன்னொரு யானையையும் அனுப்பினேன். மறுபடி போய்விட்டான். "என்னடா, கோயில் குளத்து மீன் மாதிரி வந்து வந்து போகிறாய்?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு பொரியைக் கொறித்தான். அடுத்த முறை அவனுக்கு ஆறு விழுந்தது. வலது கோடியில், யானை இல்லாத இடத்தில், எறிவேல்காரர்களும் மற்றக் குதிரைகளும் வெள்ளம் மாதிரி புகுந்தார்கள். என் யானைகள் இடது கோடியில் நின்று வேடிக்கை பார்த்தன. எனக்கு விழுந்தது ஒன்று. இலை போடுவதற்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.

"ஆரியனைப் படித்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை பெரியப்பா. லீவுக்கு ஊருக்குப் போனால் அப்பாவும் நானும்தான் ஆடுவோம். அப்பா இப்படித்தான் செய்வார். அவசரமே பட மாட்டார். நான் ஒரு தடவைகூட ஜயித்ததில்லை."

எனக்கு வாய் அடைத்துவிட்டது.

என் தம்பியும் நானும் பேசிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊரில் கொல்லைப்புறத்தில் அப்பா வைத்த மாமரம் ஒன்று இருந்தது. 2019-ஆம் வருஷம் தை மாதம், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் அதை வெட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். கோபத்தில் நானும் போகவில்லை, அவனும் வரவில்லை. ஆனால் பேசாமல் இருந்தேன் என்று சொல்வது சரி அல்ல. தினமும் அவனோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன், தூக்கம் வராத இரவுகளில். "ஏன் வெட்டினாய்?" என்று கேட்பேன். "விறகுக்காரன் நல்ல விலை கொடுத்தான்" என்பான். "அப்பா வைத்த மரம் அல்லவா?" என்பேன். "அப்பா போய்விட்டாரே" என்பான். உடனே நான் ஒரு பதில் சொல்வேன். எப்பேர்ப்பட்ட பதில்! அவன் தலை குனிந்து நிற்பான். எத்தனையோ இரவுகள் இந்த வழக்கை நடத்தியிருக்கிறேன். ஒன்றில்கூட நான் தோற்றதில்லை.

அந்த வழக்கில் எனக்காகப் பத்து நிமிஷம் யோசித்தவன் நான். அவனுக்காக அரை நிமிஷம் யோசித்தவனும் நான். பன்னிரண்டு வயதில் கேரம் பலகையைத் தட்டிவிட்டு ஓடிய முரட்டுத் தம்பியையே எதிர் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். என் அலெக்ஸாண்டர் ஏன் எப்போதும் ஆட்டுக்கடாவாக வந்து முட்டினான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பொறுமையாக இரண்டு தடவை வந்து, இரண்டு தடவை திரும்பிப் போகத் தெரிந்த மனிதனை எனக்குத் தெரியவே தெரியாது.

அன்று மாலை பையன் போன பிறகு டெலிபோனை எடுத்தேன். கேள்வி ஒன்றுதான் வைத்துக்கொண்டேன். பதில் எதையும் தயார் செய்யவில்லை.

"மரத்தை ஏன் வெட்டினாய்?" என்றேன்.

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "இரண்டு கடிதம் போட்டேனே அண்ணா, வரவில்லையா?" என்றான் தம்பி.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்தில் தென்னையையும் மாவையும் எப்படிச் சாய்த்தது என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் மரம் விழவில்லை. வேர் விட்டுப்போய், பக்கத்து வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நின்றதாம். அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள். என்ன செய்யலாம் என்று முதலில் ஒரு கடிதம். இனித் தாமதிக்க முடியாது என்று இன்னொன்று. இரண்டு மாதம் முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்துக்கொண்டு, என் பதிலுக்குக் காத்திருந்தானாம்.

மேஜை அறையைக் குடைந்தேன். இரண்டு கடிதங்களும் இருந்தன. ஒன்றைப் பிரித்திருந்தேன், "இங்கு யாவரும் சௌக்கியம்" என்பது வரையில் படித்துவிட்டு மூடி வைத்திருக்கிறேன். மற்றொன்று பிரிக்கவே இல்லை. அந்த மாதங்களில் நான் ஒரு தொடர்கதையை முடிக்கும் மும்முரத்தில் இருந்தேன். அண்ணன் தம்பி பாசத்தைப் பற்றிய கதை என்று வாசகர்கள் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

இந்தத் தை மாதம் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கினான். ஒரு நாள் காலை அதே பதிப்பாளர் மறுபடியும் வந்தார். நான் கிழக்கு நாற்காலியில், தம்பி மேற்கு நாற்காலியில். அரை மணியாக இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை, கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். பதிப்பாளர் வாசற்படியிலேயே தயங்கி நின்று, என் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டார்:

"போன தடவை தனியாக இருந்தார், ஓயாமல் பேசினார். இன்றைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், சத்தமே இல்லையே?"

"இன்றைக்குத்தான் எதிரே ஆள் இருக்கிறார்" என்றாள் அவள். "இலை போட ஒரு மணி ஆகும். நீங்களும் உட்காருங்கள்."